நாகர்கோவில் ரேந்தை: தென்திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களின் கைவேலையும் அதன் பொருளும்

தமிழில் வழங்கும் ரேந்தை என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியின் ரெந்தா என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. சன்னல், சாவி, அலமாரி, பாதிரி முதலிய சொற்கள் எந்தக் கடல்வழியாகத் தமிழுக்குள் வந்தனவோ அதே வழியாகத்தான் இதுவும் கரையேறியது. எனினும் சொல் வந்த காலமும் தொழில் வேரூன்றிய காலமும் ஒன்றல்ல. ரேந்தை என்று பெயர் சொல்லப் பழகியிருந்த தமிழ்நிலத்தில், அதைப் பின்னும் தொழில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சார்ந்து நிலைபெற்றது 1821ஆம் ஆண்டில், அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாகர்கோவிலில் ஆகும். சீர்திருத்தத் திருச்சபையின் ஊழியர் ஒருவரின் மனைவி தொடங்கிய அந்தச் சிறிய தொழிற்கூடம் பெண்களுக்குக் கூலி தந்தது என்பதோடு அதன் வரலாறு முடிந்துவிடவில்லை. அடிமை முறை, மேலாடை உரிமை, மீட்பு பற்றிய கிறிஸ்தவப் போதனை ஆகிய மூன்றும் அந்தக் கூடத்தின் கைவேலையில் வந்து சந்தித்தன என்பதாலேயே அது தனியே ஆராயத்தக்கதாகிறது.

முதலில் வேலையின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது. நெசவில் ஊடும் பாவும் நெருங்கி இடைவெளியை அடைக்கின்றன. ரேந்தையிலோ நூல் இடைவெளியைச் சுற்றிச் சென்று அந்த இடைவெளிக்கே உருவம் கொடுக்கிறது. நாகர்கோவிலில் கற்பிக்கப்பட்டது திண்டு ரேந்தை என்று சொல்லத்தக்க வகை. அதாவது, இறுக அடைத்த ஒரு திண்டின்மேல் துளையிட்ட அட்டை ஒன்று பொருத்தப்படும். அட்டையிலுள்ள துளைகளே பூவேலையின் வரைபடம். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் இணை இணையாகத் திண்டின்மேல் தொங்க, பெண் ஒரு நேரத்தில் இரண்டு இணைகளை, அதாவது நான்கு கட்டைகளை மட்டும் கையில் எடுக்கிறாள். நடுவிலுள்ள இரு நூல்களில் இடப்பக்கத்து நூலை வலப்பக்கத்து நூலின்மேல் கடத்துவது ஓர் அசைவு. ஒவ்வோர் இணையிலும் வலப்பக்கத்து நூலை இடப்பக்கத்து நூலின்மேல் முறுக்குவது மற்றோர் அசைவு. இந்த இரண்டே அசைவுகளால்தான் இலை, பூ, வலைக்கண், கரை என எல்லாம் உண்டாகின்றன. பின்னல் ஒரு துளையை எட்டியதும் அங்கே குண்டூசி குத்தப்பட்டு, நூல் நிலைகொண்ட பின்னரே கை அடுத்த நான்கு கட்டைகளுக்கு நகரும். வேலை வளர வளர முன்னே புதிய ஊசிகள் ஏற, பின்னே பழைய ஊசிகள் கழற்றப்படும். ஓர் அசைவு தவறினால் அந்தப் பிழை உடனே கண்ணில் படாமல் ஐந்தாறு ஊசிகள் கடந்த பிறகே தெரியவரும் என்பதால், பின்னியதைக் கட்டை கட்டையாகப் பின்னோக்கி அவிழ்த்துத்தான் திருத்த வேண்டும். விரல் அகலக் கரையொன்று கையளவு நீளம் வளர்வதற்கே நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை இது.

வெளிநாட்டிலிருந்து வந்த இந்த வேலை குமரி நிலத்தில் இவ்வளவு விரைவாக வேர்பிடித்ததற்கு அங்கே ஏற்கெனவே இருந்த கைப்பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். பனைமரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பெண்கள் கொட்டானும் கடகப்பெட்டியும் பாயும் முடைந்து பழகியவர்கள். ஒன்றைத் தூக்கி ஒன்றைத் தாழ்த்தி மூலைக்கு வந்ததும் திருப்பும் அந்த ஓலைக் கணக்கும், கடத்தலும் முறுக்கலுமாகிய ரேந்தைக் கணக்கும் வெகுதூரம் விலகியவை அல்ல. தொழிலைக் கொண்டுவந்தவர்களின் பெயர்களை மிஷன் வரலாறுகள் பேணி வைத்திருக்கின்றன. அதைத் தாங்கிக்கொண்ட விரல்கள் எந்தப் பயிற்சியோடு திண்டின் முன் வந்து அமர்ந்தன என்பதைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் குறையை இங்கே சுட்டாமல் மேலே செல்வது நியாயமாகாது.

தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு மயிலாடியில் தொடங்குகிறது. அவ்வூரைச் சேர்ந்த மகாராசன், கிறிஸ்தவத்தைத் தழுவி வேதமாணிக்கம் என்னும் பெயர் பெற்றவர், தம் ஊருக்குப் போதகர் வேண்டும் என்று கேட்டதன் பயனாக, இலண்டன் மிஷனெரி சங்கத்தின் ஊழியராகிய ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் நுழைந்து 1816 வரை பணியாற்றினார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் பணியின் மையத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1819இன் இறுதியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் அங்கே வந்து சேர்ந்தனர். மீடின் மனைவியும் மார்த்தா மால்ட்டும் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, ஞானோபதேசம் ஆகியவற்றோடு தையலும் பாடமாக இருந்தது. ஞானோபதேசம் என்பது கேள்வி பதிலாக அமைந்த சமயப் பாடம். 1821இல் இந்தப் பாடங்களுடன் ரேந்தையும் சேர்ந்தது.

மார்த்தா மால்ட் அறிந்திருந்தது இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தின் ஹானிட்டன் வட்டார ரேந்தை. அந்தக் காலத்து டெவனில் அந்தத் தொழில் இருந்த நிலையையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜான் ஹீத்கோட் என்பவர் திண்டு ரேந்தையின் வலையைப் போன்றே பின்னும் இயந்திரத்திற்கு 1809இல் காப்புரிமை பெற்றார். 1816இல் லஃப்பரோ நகரில் அவருடைய ஆலை உடைக்கப்பட்டபின் அவர் தொழிலை டெவனிலுள்ள டிவர்ட்டன் நகருக்கே மாற்றினார். கைரேந்தைப் பெண்களின் பிழைப்பை இயந்திரம் பறிக்கத் தொடங்கியிருந்த அதே ஆண்டுகளில்தான், அந்தக் கைவேலை கடல் கடந்து வந்து, முற்றிலும் வேறான ஒரு கட்டில் அகப்பட்டிருந்த பெண்களுக்குப் பிழைப்பானது.

அந்தக் கட்டு அடிமை முறை. திருவிதாங்கூரில் நிலத்தோடு சேர்த்து மனிதர் விற்கப்பட்டனர். குத்தகைக்கும் ஒற்றிக்கும் விடப்பட்டனர். அரசி கௌரி லட்சுமி பாய் 1812இல் வெளியிட்ட அறிக்கை பிற சாதியினரை விற்பதைத் தடை செய்ததே தவிர, வயலில் உழைத்த அடிமைச் சாதிகளுக்கு விடுதலை அளிக்கவில்லை. 1855 ஜூன் 24ஆம் நாள் அரசு அறிக்கை வந்த பிறகே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆகவே 1821க்கும் 1855க்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், நாகர்கோவில் பள்ளியில் திண்டின்முன் அமர்ந்தவர்களுள் தம் உடலே தமக்குச் சொந்தமில்லாத பெண்களும் இருந்தனர். அவர்கள் பின்னிய ரேந்தை இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்கும் இங்கிலாந்திலிருந்த ஆதரவாளர்களுக்கும் விற்கப்பட்டது. வருமானத்தின் ஒரு பகுதி பள்ளிகளின் செலவுக்குச் செல்ல, பின்னியவர்களுக்குக் கூலி கிடைத்தது. அந்தக் கூலியைச் சேர்த்து வைத்து உடையவனுக்கு விலையாகக் கொடுத்துத் தம்மைத் தாமே விடுவித்துக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் கூறுகின்றன.

இந்த இடத்தில் கைவேலையின் சமயப் பொருள் என்பது எண்ணத்தால் ஏற்றிச் சொல்லும் உவமையாக இல்லாமல், சொல்லின் நேர்ப்பொருளாகவே ஆகிவிடுகிறது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் அடிப்படைச் சொற்களில் ஒன்று மீட்பு. விலை, கிரயம், அடிமைத்தனம், விடுதலை ஆகியவை அதைச் சுற்றி நிற்கும் சொற்கள். இவையனைத்தும் பண்டைய உலகின் அடிமைச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டுத் திருமறையில் இடம்பெற்றவை. ஐரோப்பாவின் சபைகளில் அந்தச் சொற்கள் நெடுங்காலமாக உருவகமாகத் தேய்ந்துபோயிருந்தன. 1830களின் நாகர்கோவிலிலோ அப்படியல்ல. காலையில் கிறிஸ்து கொடுத்த கிரயத்தைப் பற்றிய கேள்விக்கு விடை ஒப்பித்த பெண், பகலில் தன் கிரயத்தைக் கட்டை கட்டையாகப் பின்னிக்கொண்டிருந்தாள். விலை என்றால் என்ன, உடையவன் என்றால் யார், விடுபடுதல் எப்படியிருக்கும் என்பவற்றை அவளுக்கு எந்தப் போதகரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போதகரை விட அவளுக்கே அது நன்கு தெரியும்.

இதில் ஓர் இறையியல் இடறலும் உண்டு. மனிதரின் மீட்பு அவருடைய செயல்களால் ஈட்டப்படுவதல்ல, இறைவனின் அருளால் இலவசமாகக் கிடைப்பது என்பது சீர்திருத்தச் சபைகளின் முதன்மைப் போதனை. ஆனால் அந்தக் கூடத்தில், ஆன்மாவின் விடுதலை கிருபையால் வருகிறது என்று கற்பிக்கப்பட்ட அதே பெண்ணுக்கு, உடலின் விடுதலை கைச்செயலின் கூலியால் மட்டுமே வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நின்றதாகத் தோன்றினாலும், அருளை முதலில் கேட்டவள்தான் உழைப்பின் பலனைத் தனதாகக் கருதத் துணிந்தாள் என்று கொள்வதே பொருத்தம். உழைப்பு அவளுக்குப் புதியதல்ல. அடிமையின் வாழ்வு முழுவதுமே உழைப்பு. உழைத்த கைக்கே கூலி சேரும் என்பதும், அந்தக் கூலிக்குக் கணக்கு உண்டு என்பதும், அதைச் சேமித்தால் தன்னையே வாங்கிவிடலாம் என்பதும்தான் புதியவை. ரேந்தையின் ஆன்மிகம் அதன் பூவேலையின் அழகில் இருந்ததைவிட, இந்த மாற்றத்தில் இருந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

இதே பெண்களும் இவர்களின் உறவினரும் அதே காலத்தில் நடத்திய மற்றொரு போராட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் மட்டுமே இந்த வரலாறு முழுமை பெறும். அக்காலத் திருவிதாங்கூரில் உடை என்பது சாதியின் அடையாளம். நாடார் முதலிய சாதிகளின் பெண்கள் மார்பையும் தோளையும் மறைத்து மேலாடை அணிவது வழக்கத்தாலும் அதிகாரத்தாலும் தடுக்கப்பட்டிருந்தது. கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்தபோது 1814இல் வெளியான ஆணை, கிறிஸ்தவப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவர், மாப்பிள்ளைமார் ஆகியோரின் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம் என்றது. குப்பாயம் என்பது உடலைத் தளர்வாக மூடும் கைவைத்த சட்டை. மார்த்தா மால்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இவ்வகைத் தளர்ந்த சட்டை ஒன்றைப் பெண்களுக்காக அமைத்துத் தந்தனர். பெண்கள் அதோடு நிற்கவில்லை. அவர்கள் சட்டைக்குமேல் தோளில் சீலையும் போர்த்தத் தொடங்கியபோது, மேற்சாதியாரின் தோள்சீலை உரிமையில் கைவைத்ததாகக் கருதப்பட்டது. 1822 முதல் சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும் கலகம் ஓயவில்லை. 1829 பிப்ரவரியில் வந்த அரசு அறிக்கை தோள்சீலையை மறுத்துக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. 1858இல் மீண்டும் மூண்ட கலகத்தில் வீடுகளும் வழிபாட்டிடங்களும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் தலையிட்ட பிறகு, 1859 ஜூலை 26ஆம் நாள் அரசர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிக்கையின்படி, நாடார் பெண்கள் எச்சமயத்தவராயினும் கிறிஸ்தவப் பெண்களைப் போலச் சட்டை அணியவோ, முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியை உடலைச் சுற்றிக் கட்டவோ உரிமை பெற்றனர். மேற்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக் கூடாது என்ற விலக்கு அந்த அறிக்கையிலேயே இருந்தது.

உலகின் மிக நுண்ணிய துணியலங்காரங்களுள் ஒன்றைச் செய்துகொண்டிருந்த கைகளுக்கு, முரட்டுத் துணியால் உடலை மூடும் உரிமைக்காக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தம் கழுத்துக்கும் தோளுக்கும் தடுக்கப்பட்டதை அந்தப் பெண்கள் பிறர் கழுத்துக்கும் தோளுக்கும் நாள்தோறும் பின்னிக்கொண்டிருந்தனர். இதை எண்ணாமல் பழைய ரேந்தைத் துண்டு ஒன்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்து வியப்பது அந்தப் பெண்களைக் கிழிக்கப்பட்ட சட்டையோடு அப்படியே விட்டுச்செல்வதாகும். உடை மனிதமாண்பின் உறைவிடம் என்னும் உணர்வு கிறிஸ்தவர்களிடம் மட்டும் எழவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அதே நிலத்தில் அதே காலத்தில் அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். துணியைத் துவைத்துத் தூய்மையாக வாழ்வதையே தவமாக்கிய துவையல் தவசு அவர் வழியில் தோன்றியது. துணியும் தூய்மையும் சமயப் பொருளாகும் தேவை குமரி மண்ணிலேயே இருந்தது. மிஷன் பள்ளி அதை எதிர்கொண்ட வழிகளில் ஒன்றுதான் ரேந்தைத் திண்டு.

இந்தக் கைவேலைக்குத் திருமறைச் சான்றாகச் சபைகள் எவற்றைக் கொண்டன என்பதையும் பார்க்கலாம். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரம் அமைக்கும் பகுதியில், பெசலெயேல் என்னும் கைவினைஞர் இறைவனின் ஆவியால் நிரப்பப்பட்டவராகக் கூறப்படுகிறார். அந்த ஆவி அவருக்குத் தந்தது பொன், வெள்ளி, கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்யும் திறனே. அதே நூலின் 35ஆம் அதிகாரத்தில் பெண்கள் தம் கையால் நூல் நூற்றுக் கொண்டுவந்து கொடுத்தது தனியே சொல்லப்படுகிறது. புதிய ஏற்பாட்டில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் ஏழை விதவைகளுக்கு அங்கிகளும் வஸ்திரங்களும் தைத்துக் கொடுத்தவள். அவள் இறந்தபோது அந்த விதவைகள் அவள் தைத்த துணிகளைக் கையில் ஏந்திக் காட்டி அழுததாக அப்போஸ்தலர் நடபடிகளின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. ஒருவருடைய வாழ்க்கைக்குச் சாட்சியாக அவர் செய்த கைவேலையையே எடுத்துக் காட்டும் இந்தக் காட்சி, தையலும் பின்னலும் கற்ற மிஷன் பள்ளிப் பெண்களுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏழைகளுக்காகத் தைக்கும் பெண்கள் குழுக்களுக்குத் தொற்காள் சங்கம் என்று பெயரிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைகளில் உலகெங்கும் பரவியிருந்தது. இவற்றுக்கும் பின்னே, துறவியின் செபத்தைப் போலவே வீட்டு வேலைக்காரியின் உழைப்பும் இறைவன் அழைத்த ஊழியமே என்ற மார்ட்டின் லுத்தரின் போதனை நின்றது.

ஆனால் நாகர்கோவிலின் இலண்டன் மிஷன் சபை எளிமையை வற்புறுத்திய மரபைச் சேர்ந்தது; ஆலயத்தில் பீட அலங்காரத்துக்கோ, போதகரின் உடையில் பூவேலைக்கோ அங்கே பெரிய இடமில்லை. பெண்கள் வெளி அலங்காரத்தை நாடாதிருக்க வேண்டும் என்று நிருபங்கள் கூறும் அறிவுரையும் அங்கே அழுத்தமாகப் போதிக்கப்பட்டது. ஆகவே பின்னப்பட்ட ரேந்தை அந்தச் சபையின் வழிபாட்டுக்குள் எளிதில் நுழைய முடியாத பொருளாக இருந்தது. அணிவதில் அல்லாமல், பின்னுவதிலும் பின்னியதன் பலனைப் பகிர்வதிலும் மட்டுமே அதன் சமயப் பொருளைத் தேட முடிந்தது. சமைக்க எடுக்கும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடியைத் தனியே வைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்னும் வழக்கம் தென்தமிழ்நாட்டுச் சபைகளில் வேரூன்றியது. உள்ளதில் ஒரு பங்கைக் கையாலேயே அளந்து கொடுக்கும் அந்த மனநிலையும், பின்னிய முழத்தின் வருமானத்தில் ஒரு பங்கு இன்னொரு பெண்பிள்ளையின் பள்ளிச் செலவுக்குச் செல்வதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

ரேந்தை நாகர்கோவிலைத் தாண்டிச் சென்றது மகள் வழியாகவே. மார்த்தா மால்ட்டின் மகள் எலிசா 1822இல் நாகர்கோவிலிலேயே பிறந்தவர். ஊர்ப் பெண்களின் தமிழைக் கேட்டு வளர்ந்து அதையே தம் மொழியாகப் பேசியவர். 1844இல் அவர் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் தேரிமணல் பரப்பிலுள்ள இடையன்குடியில் குடியேறினார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவராகத் தமிழுலகம் அறிந்த கால்டுவெல்லின் இல்லத்தில், ஊர்ப் பெண்களோடு தடையின்றிப் பேசத் தெரிந்தவர் எலிசாவே. அவர் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தாயிடமிருந்து கற்ற ரேந்தையையும் கற்பித்தார். இடையன்குடி ரேந்தை என்று தனிப்பெயர் பெறுமளவுக்கு அது அங்கே வளர்ந்தது.

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். திருநெல்வேலி நாடார்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூல் அம்மக்களை இழிவாகச் சித்திரித்ததால், பின்னாளில் அவர்களுடைய கடும் எதிர்ப்புக்கு ஆளாயிற்று. அதே மக்களின் பெண்களோடு அதே வீட்டின் தாழ்வாரத்தில் அமர்ந்து எலிசா ஆண்டுக்கணக்கில் கட்டைகளை எண்ணிக் கற்பித்தார். நூலில் எழுதப்பட்ட மக்களும் திண்டின்முன் அறியப்பட்ட மக்களும் ஒருவரேதாம். கைவேலை கற்பிப்பவருக்கு மாணவியின் பொறுமையும் கணக்கறிவும் முகத்துக்கு நேரே தெரிந்துகொண்டிருந்தன.

இடையன்குடி ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த ஊர் என்பதால் ரேந்தையின் நிலை அங்கே மாறியது. 1847இல் தொடங்கி 1880 ஜூலையில் பிரதிஷ்டை செய்யப்பட்ட அவ்வூர்த் தூய திரித்துவ ஆலயம் கட்டி முடிக்க 33 ஆண்டுகள் ஆயின. பீடமும் பீடவிரிப்பும் குருவின் வெள்ளங்கியும் முறைப்படி இடம்பெறும் வழிபாட்டு மரபில், ரேந்தை வைத்த துணி ஆலயத்துக்குள் தலைநிமிர்ந்து நுழையலாம். திருவிருந்து மேசையின் விளிம்பில் தொங்கும் கரை, ஆசரிப்புக் கூடாரத்தின் திரைச்சீலைகளை நூற்ற பெண்களை நேராக நினைவூட்டுவதாகிறது. 1891இல் மறைந்த கால்டுவெல்லும் 1899இல் மறைந்த எலிசாவும் அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

கத்தோலிக்க மரபில் இந்தக் கைவேலை தென்திருவிதாங்கூரின் மற்றொரு மூலையில் தனியே தோன்றியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த துறவி மரி லூயிஸ் தெ மேஸ்தர் 1897இல் முளகுமூட்டுக்கு வந்து அங்கிருந்த அநாதைப் பெண்பிள்ளைகளின் இல்லத்தை ஏற்று நடத்தினார். ரேந்தைக்குப் பேர்பெற்ற பிளெமிஷ் நாட்டிலிருந்து வந்த துறவியரிடம் முளகுமூட்டுப் பெண்கள் ரேந்தையும் பூத்தையலும் கற்றனர். செபமும் உழைப்பும் மாறிமாறி நாளை நிரப்ப வேண்டும் என்பது 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவு ஒழுங்கிலிருந்து மேலைக் கத்தோலிக்க மடங்களில் வழிவழியாக வந்த நெறி. திண்டு வேலையில் விரல்கள் பழகியபின் உதடுகள் ஓய்வாக இருக்கும். செபமாலையின் மணியைத் தள்ளும் விரலும் கட்டையைக் கடத்தும் விரலும் ஒரே சீரான தாளத்தில் இயங்குபவை. ஆகவே நாகர்கோவிலில் விடுதலையின் விலையாகவும், இடையன்குடியில் ஆலயத்தின் காணிக்கையாகவும் பொருள்பெற்ற வேலை, முளகுமூட்டில் செபத்தின் தாளமாகவும் பொருள்பெற இடமிருந்தது. மேற்கிலிருந்து வராத கிறிஸ்தவக் கைவேலை ஒன்றும் இம்மூன்று ஊர்களிலும் உண்டு. குருத்தோலை ஞாயிறு அன்று ஆலயத்திலேயே இளங்குருத்தைக் கீறி, மடித்து, முடைந்து குழந்தைகள் செய்யும் ஓலைச் சிலுவைக்கு எந்த மிஷன் பள்ளியும் பாடத்திட்டம் வகுக்க வேண்டியிருக்கவில்லை.

அண்மைக்கால ஆய்வாளர்கள் இந்த வரலாற்றைக் கண்டிப்போடு அணுகியுள்ளனர். எலிசா கென்ட் 2004இல் வெளியிட்ட நூல், தென்னிந்தியச் சீர்திருத்தச் சபைகளில் பெண்களின் மனமாற்றம் என்பது நடை, உடை, இல்லறம் ஆகியவற்றில் ஒரு புதிய கண்ணியத்தை ஏற்பதாகவும் இருந்தது என்பதை விளக்குகிறது. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு, ஆந்திரத்தின் நரசாப்பூரில் மிஷன் வழியாகப் பரவிய கொக்கியூசி ரேந்தைத் தொழில், வீட்டுக்குள் இருந்தபடியே உலகச் சந்தைக்கு மிகக் குறைந்த கூலியில் உழைக்கும் பெண்களை உருவாக்கியதைக் காட்டியது. நாகர்கோவிலுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். பின்னியவளின் கண்பார்வையும் முதுகும் விலைப்பட்டியலில் இடம்பெறவில்லை. பூவின் வடிவத்தைத் தீர்மானித்தது தொலைதூர நாகரிகம். இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்பிள்ளையின் பள்ளிச் செலவை ஏற்றவர்கள் தாம் விரும்பிய பெயரை அவளுக்கு இடும் வழக்கமும் அன்றைய மிஷன் விடுதிகளில் இருந்தது. உடையவனிடமிருந்து மீண்டவள் புரவலரின் பெயரைச் சுமந்தாள் என்பது வருத்தத்தோடு ஏற்க வேண்டிய உண்மை. சபைக்குள் சாதி வேற்றுமை அழிந்துவிடவும் இல்லை.

எனினும் இந்தக் கண்டிப்பான பார்வையும் ஒரு விவரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். கூலி குறைவா நிறைவா என்ற கேள்வி எழுவதற்கே, கூலி பெறும் ஒருத்தி முதலில் இருக்க வேண்டும். 1821க்கு முன் அந்த வயல்களில் அப்படியொருத்தி இல்லை. நரசாப்பூரின் அளவுகோலால் மட்டும் நாகர்கோவிலை அளந்தால், தன்னைத் தானே விலைகொடுத்து வாங்கிய பெண் அந்த அளவுக்குள் அடங்காமல் வெளியே நிற்பாள். ரேந்தைக் கூடத்திலிருந்து வெளிவந்தவர்களின் மகள்களும் பேத்திகளும் ஆசிரியைகளாகவும், வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் வேதாகமப் பெண்களாகவும், பின்னர்ச் செவிலியர்களாகவும் ஆனார்கள். நீண்ட நேரம் ஓரிடத்தில் அமர்ந்து எண்ணிக் கணக்குத் தவறாமல் செய்யும் பழக்கம் இந்தப் பணிகளுக்கெல்லாம் அடித்தளமாயிற்று.

20ஆம் நூற்றாண்டில் ஆலை ரேந்தை முழக்கணக்கில் கடைக்கு வந்ததும் திண்டு வேலை சுருங்கியது. திருச்சபைகளின் கைவேலைக் கூடங்களில் பூத்தையல் முந்தியது. துளையட்டையையும் கட்டைகளையும் கையாளத் தெரிந்தவர்கள் குறைந்தனர். ஆனால் அதற்கு முன்பே, 1859க்குப் பிறகு வந்த தலைமுறைகளில், அந்த வேலை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பாட்டியின் காலத்தில் கப்பலேறிய கரை, பேத்தியின் காலத்தில் அவளுடைய சட்டையின் கழுத்திலும் முழங்கை விளிம்பிலும் ஏறியது. தென்பாண்டி, குமரி வட்டாரத் தமிழில் ரேந்தை வைத்த சட்டை என்பது பெண்பிள்ளைக்குத் திருநாளுக்கு எடுத்துக் கொடுக்கும் துணியின் பெயராயிற்று. கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனைக்கு அந்தச் சட்டையை அணிந்து சென்ற சிறுமி, அது தன் குடும்பத்துப் பெண்ணொருத்திக்கு எப்போதாவது தடுக்கப்பட்டிருந்தது என்பதை அறியாமலேயே ஆலயத்தின் முன்வரிசைப் பாயில் அமர்ந்தாள்.